வீட்டு சர்வரில் ஃபேன் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துக்கொண்டு படங்களையும் வீடியோக்களையும் நாமே பத்திரப்படுத்துவது பற்றி உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதாமாதம் சந்தா கட்டி யாரோ ஒருவர் கணினியில் போட்டு வைப்பதற்கு இது எவ்வளவோ மேல், எழுதியதற்கு நன்றி. ஆனால் ஹார்ட் டிஸ்க் சூடாவது பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: எவ்வளவு குளிர்ச்சியாக வைக்கிறோமோ அவ்வளவு நாள் உழைக்கும், பெரிய ஃபேன் போடுங்கள் என்று. பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

2007ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கணக்கெடுத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சூடு ஏற ஏறப் பழுதும் ஏறும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடுத்தரச் சூட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை, சொல்லப்போனால் ரொம்பக் குளிர்ச்சியாக ஓடிய டிஸ்க்குகள்தான் கூடுதலாகப் பழுதாகியிருந்தன. 45 டிகிரியைத் தாண்டிய டிஸ்க்குகளில், அதிலும் மூன்று வயதைக் கடந்தவற்றில்தான் சூட்டின் பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. இணையச் சேமிப்புச் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனமும் 2014ல் தன் டிஸ்க்குகளைப் பார்த்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கும்வரை சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்றே எழுதியது. ஆக, 38 டிகிரியில் இருக்கும் டிஸ்க்கை 28க்குக் கொண்டுவர இரைச்சலான ஃபேன்களை வாங்கி மாட்டுவது வீண் வேலை. என் கணக்கில் 30 முதல் 42 வரை நிம்மதியாக விடலாம், 45ஐ அடிக்கடி தொட்டால் கவனிக்க வேண்டும், 50 என்றால் அன்றே ஏதாவது செய்ய வேண்டும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் 60, 65 என்று போட்டிருப்பது எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை, அதற்கு மேல் தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்று அர்த்தம்.

சரி, அப்படியானால் பிரச்சினை எங்கே? ஃபேன் யார் பேச்சைக் கேட்டுச் சுற்றுகிறது என்பதில்தான். மதர்போர்டில் மாட்டிய கேபினெட் ஃபேன், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புகளில்) நாம் கைவைக்காத வரை, பெரும்பாலும் ப்ராசஸரின் சூட்டைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மேசைக் கணினிக்கு அது போதும். வீட்டு சர்வரில் நடப்பது நேர் எதிர். ரெய்டில், அதாவது ஒன்று பழுதானாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறையில், ஒரு டிஸ்க் போய்விட்டது, புதியதை மாட்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து அதை மறுபடி நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள்: 16 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினால்கூட 22 மணி நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க எல்லா டிஸ்க்கும் ஓயாமல் ஓடும், ஆனால் ப்ராசஸருக்கு வேலையே இருக்காது, அதனால் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும், டிஸ்க்குகள் ஒவ்வொரு டிகிரியாக ஏறிக்கொண்டே போகும். இன்னொரு டிஸ்க் போனால் எல்லாமே போய்விடும் என்கிற நேரத்தில்தான் அவை மிக அதிகமாகச் சூடாகின்றன! டிஸ்க்குகளை முழுக்கப் படித்துப் பார்க்க மாதம் ஒருமுறை ஓடும் சரிபார்ப்பு வேலையிலும் இதே கதைதான்.

இதற்கு வழி இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்து, அதாவது 2020லிருந்து, டிரைவ்டெம்ப் என்ற மாட்யூல் (துணை நிரல்) இருக்கிறது. அதை ஏற்றினால் டிஸ்க்கின் சூடும் மற்ற சென்சார்களோடு வரிசையில் வந்து நிற்கும். பிறகு ஃபேன்கன்ட்ரோல் போன்ற நிரலிடம், முன்பக்க ஃபேனுக்கு ப்ராசஸரை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பார் என்று சொல்லிவிடலாம். பல டிஸ்க் இருந்தால் அதிகச் சூட்டில் இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும், சராசரி உதவாது. இதெல்லாம் தலைவலி என்று நினைப்பவர்கள் பயாஸில் அந்த ஒரு ஃபேனை மட்டும் நிலையான வேகத்தில் வைத்துவிடலாம். டிஸ்க்குகளுக்கு நேர் எதிரே உள்ள 120 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 800, 900 சுற்று சுற்றினாலே நான்கு டிஸ்க்குக்குப் பெரும்பாலும் போதும், சத்தமும் தெரியாது.

ஏனென்றால் அப்புறப்படுத்த வேண்டிய வெப்பம் ஒன்றும் பெரிதில்லை. 7200 சுற்று டிஸ்க் ஒன்று வேலை செய்யும்போது சுமார் 6 முதல் 9 வாட் எடுக்கும், நான்கும் சேர்ந்து பழைய குண்டு பல்பில் ஒரு சின்னது அளவுதான். காற்று அவற்றின் இடையே போகிறதா என்பதுதான் கேள்வி. காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். டிஸ்க் அடுக்குக்குப் பக்கத்தில் பெரிய காலியிடம் இருந்தால் அதன் வழியாகவே பின்பக்கம் ஓடிவிடும், ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் டிஸ்க்குக்குப் பயனில்லை. அந்த இடத்தை ஒரு தடித்த அட்டை வைத்து அடைத்துப் பாருங்கள், ஃபேனை மாற்றாமலேயே சில டிகிரி இறங்கும். இடம் இருந்தால் இரண்டு டிஸ்க்குக்கு நடுவே ஒரு தட்டைக் காலியாக விடுங்கள். அடுக்கின் நடுவில் இருப்பதுதான் எப்போதும் அதிகம் வேகும். டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் காற்று பட வேண்டும். கேபிள்களை ஃபேன் முன்னால் சுருட்டி வைக்காதீர்கள், தூசி வடிகட்டியைத் துடையுங்கள். கதவு மூடிய அலமாரிக்குள் சர்வரை வைத்துவிட்டு ஃபேனைக் குறை சொல்வதில் நியாயமில்லை, உள்ளே சுற்றுவது அதே சூடான காற்றுதான்.

வேலை இல்லாதபோது டிஸ்க்கை நிறுத்தி வைத்தால் சூடே இருக்காதே என்று சிலர் கேட்பார்கள். ராத்திரி முழுக்க யாரும் தொடாத டிஸ்க் என்றால் தாராளமாக நிறுத்தலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பும்படி வைப்பதுதான் தப்பு. கிளம்பும் ஒவ்வொரு முறையும் சுழற்ற 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், டிஸ்க்கும் ஆறி ஆறிச் சூடாகும். இது சூட்டைக் குறைக்கும் வழியாக எனக்குப் படவில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும், கட்டுரையில் விடுபட்ட முக்கியமான விஷயம் இதுதான். கையால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிரல் இலவசம். அது தரும் பட்டியலில் 194 என்ற வரிசையில் கடைசிப் பத்தியில் முதலில் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் வரும் எண் சில டிஸ்க்குகளில் சூடு ஏற ஏறக் குறையும், அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு பயப்படுபவர்கள் நிறைய. அளப்பதும் டிஸ்க் சும்மா இருக்கும்போது அல்ல, ஒரு நீண்ட சரிபார்ப்பு மூன்று, நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, அதுவும் அறையில் வெக்கை அதிகமாக இருக்கும் வேளையில். கூடவே 48 டிகிரி தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி செய்துவிட்டால், ஃபேன் என்றைக்காவது நின்றுபோனாலும் அன்றே தெரிந்துவிடும். ஃபேனும் ஒருநாள் பழுதாகிற பொருள்தானே.

அந்தக் கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் சூட்டை அளக்கும் முறையையும், ஃபேனை டிஸ்க்கோடு இணைக்கும் முறையையும் படிப்படியாகப் படத்தோடு வெளியிடுங்கள். எந்த ஃபேன் வாங்குவது என்ற பரிந்துரைகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்