வேப்பமரத்தை வெட்டாதே

பொள்ளாச்சி,
மார்கழி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் பத்து நிமிஷத்தில் முடிகிற விஷயத்தை நாலு பக்கம் எழுதுகிற ஆட்கள் உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் மிச்சம் என்று வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் கையெழுத்து மட்டும் வரவர மோசம். ‘செம்பருத்தி’ என்று எழுதியிருப்பதை ‘செம்மறி’ என்று படித்துவிட்டு, தாம்பரத்தில் ஆடு வளர்க்கிறாயா என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். வேப்பமரம் காய்ந்துவிட்டது, பொங்கலுக்கு முன்னால் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன் என்று கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த ஆளை நிறுத்து. முன்பணம் போனால் போகட்டும்.

நீ சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் மரம் சாகவில்லை. கொழுந்து நுனியில் ஆரம்பித்து, கிளை கிளையாகப் பழுப்பேறி, தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ தீ வைத்துக் கருக்கியது போல இருக்கும். அதுதானே? சில வருஷமாகத் தெலங்கானாவிலும் நம் பக்கமும் மழைக்காலத்தில் வேம்புக்கு இதே கதைதான். தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி. பெயர்தான் கொசு, மனுஷனைக் கடிக்காது. அது இளந்தண்டில் சாறு உறிஞ்சிப் புண் பண்ணிவிடும். மழை ஈரத்தில் பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். ஆவணி, புரட்டாசியில் தொடங்கி கார்த்திகை, மார்கழியில்தான் பார்க்கச் சகிக்காமல் இருக்கும். வெயில் ஏறியதும் தை, மாசியில் செம்புநிறத் தளிர் விடும். எங்கள் தெருமுனை வேம்பு இப்படி இரண்டு தடவை ‘செத்து’ப் பிழைத்தது. இந்த நோயில் பெரும்பாலும் போவது சின்னக் கன்றுகள்தான். உன்னுடையது முப்பது வருஷ மரம்.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய். கை எட்டுகிற கிளையில், காய்ந்த நுனியிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார். பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வந்து சுரண்டு. பச்சை எங்கே தட்டுப்படுகிறதோ அதற்குச் சற்றுக் கீழே வரை காய்ந்ததை நறுக்கி எரித்துவிட்டால் போதும். எட்டாத கிளையை விட்டுவிடு, இந்த வயசில் ஏணி வேண்டாம்.

இன்னொன்று. போன வருஷம் வாசல் முழுக்க டைல்ஸ் போட்டதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். அடிமரம் வரைக்கும் ஒட்டிப் போட்டுவிட்டார்களா? அப்படியானால் மரத்தைச் சுற்றி மூன்றடியாவது பெயர்த்து எடு. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது உங்கள் தெருவில் சாய்ந்த மரங்களைப் பற்றி நீயே எழுதியிருந்தாய், வேர்த்தட்டோடு சேர்ந்து சிமெண்டுப் பாளமும் பெயர்ந்து நின்றதென்று. மறந்துபோச்சா?

சரி, இப்போது உன் செம்மறிக்கு வருகிறேன்.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கிறது, மூன்று மருந்து அடித்தும் போகவில்லை என்கிறாய். அது மாவுப்பூச்சி. மேலே இருப்பது மெழுகுப்பூச்சு, தண்ணீரில் கலந்த மருந்து அதில் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடும். மருந்தை விடு, தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பூச்சியைத் தின்ன வருகிறவனை விரட்டும், சமயத்தில் பூச்சியையே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கிளையில் குடிவைக்கும். எறும்பு நடக்கிற வரைக்கும் நீ என்ன அடித்தாலும் பாதி வேலைதான். அடித்தண்டில் ஒரு பாலிதீன் பட்டையைச் சுற்றிக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவு. செடியின் தண்டில் நேரடியாகத் தடவிவிடாதே. மற்ற கிளை எதுவும் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் அந்த வழியாக ஏறிவிடும். தொட்டிச் செடி என்றால் தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வைத்தால் போதும்.

அப்புறம், ரொம்ப அப்பிய நுனிகளை வெட்டி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடு, கீழே போட்டால் திரும்ப ஏறும். மிச்சத்தை ஓஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சி அடி, இலைக்கு அடியில். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பு போடாவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். வெயில் தாழ்ந்த பிறகு அடி, உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வாரம் ஒரு தடவை, மூன்று நாலு வாரம்.

இதில் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணியிருக்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் கொய்யாவில் மாவுப்பூச்சி வந்தபோது தினம் காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நசுக்கிக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “தாத்தா, இது மட்டும் ஏன் ஓடுது?” என்றாள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், உடம்பெல்லாம் வெள்ளைத் திரி திரியாக, மாவுப்பூச்சியின் அண்ணன் மாதிரி இருந்தது. ஆனால் மாவுப்பூச்சி ஊர்ந்தால் உண்டு, இப்படி ஓடாது. அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு! மாவுப்பூச்சியைத் தின்பதே அதற்குத் தொழில். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1898-இல், காப்பித் தோட்டத்துப் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. என் பக்கம் போரிட வந்த சிப்பாய்களை ஒரு வாரமாக நானே நசுக்கிக் கொன்றிருக்கிறேன். ஆகவே, வெள்ளையாக இருந்து வேகமாக ஓடினால் தொடாதே.

பப்பாளியை நினைத்துப் பார். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. எத்தனை விஷம் தெளித்தார்கள்! கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு குளவி. சில மாதத்தில் அடங்கியது.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் தென்னையில் நான் கோட்டை விட்டேன். 2016-இல் சுருள் வெள்ளை ஈ நம் நாட்டில் முதலில் தலைகாட்டியதே எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பாலக்காட்டுப் பக்கத்திலும்தான். வீட்டைச் சுற்றி இருக்கிற பன்னிரண்டு மரமும் கரி பூசியதுபோல் ஆனது. கீற்றுக்கு அடியில் வட்ட வட்டமாக வெள்ளை முட்டைச் சுருள், அது கழிக்கிற இனிப்பு கீழ்மட்டை மேல் சொட்டி, அதில் கரும்பூசணம். துணி காயப்போட்டால் பிசுபிசுக்கும், வாழை இலையில் சாப்பிட முடியாது. நான் பயந்துபோய் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த விஷத்தை ஆள் வைத்து, பவர் ஸ்ப்ரேயரில் அடித்தேன். இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் வாரம் முன்னைவிட இரண்டு பங்கு.

அப்புறம் பார்க்க வந்த வேளாண்மைக்காரர் ஒருவர் ஒரு கீற்றை ஒடித்துக் காட்டினார். வெள்ளை ஈயின் குஞ்சுகள் வெளிர்மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் அங்கங்கே சில மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்தியது மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே முட்டையிட்ட என்கார்சியா குளவியின் பிள்ளை, ஈக்குஞ்சைத் தின்று முடித்துவிட்டு வெளியே போன வாசல் அது. “நீங்கள் அடித்த மருந்தில் முதலில் செத்தது இதுதான்” என்றார். அதற்குப் பிறகு மருந்தே கிடையாது. மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கிடையில் கட்டினோம். கீழ்மட்டைகளின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாக அடித்தோம். கரும்பூசணத்துக்கு மைதா மாவு. லிட்டருக்கு 25 கிராம் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்தால், வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். குளவி தங்குவதற்கென்று நடுவில் கல்வாழையும் வாழையும் வைத்தேன். ஈ இன்னும் இருக்கத்தான் இருக்கிறது. கோடையில் ஏறும், மழையில் இறங்கும். மரங்கள் காய்க்கின்றன.

உன் கறிவேப்பிலை மஞ்சளாவதற்கு எல்லோரும் புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீர்க்கக் கரைத்து எப்போதாவது ஊற்று, தப்பில்லை. ஆனால் எந்த இலை மஞ்சளாகிறது என்று நீ எழுதவே இல்லையே! அடியில் உள்ள முற்றிய இலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை, மக்கின எருவோ மண்புழு உரமோ இரண்டு கை போடு. நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. உங்கள் போர்த் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, பார். அந்த உப்பின் காரத்தன்மையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேள், இரும்புச்சத்து உள்ள உப்பு அது. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, சாயங்காலம் இலைமேல் தெளி. டைல்ஸ் மேல் சிந்தினால் துருக்கறை போகாது, அப்புறம் தங்கச்சி என்னைத் திட்டுவாள்.

மூன்றாவதாக ஒன்று, உன் குணம் தெரிந்து சொல்கிறேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறாயா? வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகத்தான் ஆகும், வாடவும் செய்யும். வாடுகிறதே என்று நீ இன்னும் ஒரு குவளை ஊற்றுவாய். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்றாதே.

அந்தச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும். தொட்டால் தலையில் இருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். எலுமிச்சையிலும் வரும். வண்ணத்துப்பூச்சிப் புழுதான், கையால் பொறுக்கிவிடு. ஒன்றை மட்டும் பாட்டிலில் இலையோடு போட்டுப் பேரனிடம் கொடு. ஒரு மாதம் செல்போன் கேட்க மாட்டான்.

மதுரை மல்லி வெறும் இலையாக வளர்கிறது என்றால் நீ கவாத்து பண்ணவில்லை. கார்த்திகைக் கடைசியிலேயே செய்திருக்க வேண்டும். மார்கழி முடிவதற்குள் தரையில் இருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையெல்லாம் உருவிவிட்டு எரு போடு. பங்குனியில் பூக்கும். வெயில் படாத மூலையில் வைத்திருந்தால் நான் பொறுப்பில்லை. முருங்கைக் கம்பளிப்புழுவுக்குத் தீப்பந்தம் காட்டுகிறாயாமே, பட்டை வெந்துவிடும் அப்பா. பகலில் அடிமரத்தில் கூட்டமாகத்தான் ஒட்டிக்கிடக்கும், நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடு. சுணை மேலே பட்டால் அரிப்பு தாங்காது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

எங்கள் வீட்டு மாமரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பங்கனப்பள்ளி ஒட்டு என்று வாங்கி வைத்து, ஏழு வருஷம் காத்திருந்து, இந்தக் கோடையில் முதல் காய்ப்பு. எலுமிச்சை அளவில் நாரும் புளிப்புமாகப் பழம்! நாற்றுப் பண்ணைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரத்தடியில் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒட்டுக் கட்டிய இடத்தை நானே மண்ணுக்குள் புதைத்து நட்டிருக்கிறேன். கீழே இருந்த நாட்டு மாங்கன்று தளிர் விட்டதை, ஆகா துளிர்க்கிறதே என்று ஆசையாக விட்டு வளர்த்திருக்கிறேன். மேலே இருந்த பங்கனப்பள்ளி எப்போதோ பட்டுப்போய், அதன் குச்சி மட்டும் விரல் அளவில் ஓரமாக நின்றது. இந்த வயசில் இன்னொரு ஏழு வருஷமா என்று மகன் சிரிக்கிறான். மேல்கிளைகளை வெட்டிவிட்டு, வருகிற தளிரில் நல்ல குச்சி ஒட்டுக் கட்டலாம் என்றிருக்கிறேன், இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். அதுவரை ஊறுகாய்க்கு ஆகிறது.

முட்டிவலி அப்படியே. வாக்கிங் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனை வேம்பு வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

நீ மரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எழுது. இல்லை, இதற்கு மட்டும் போன் பண்ணு. இவ்வளவு கருகிய வருஷத்தில் வேம்பு தளிர் விட்டாலும் பூ குறைவாகத்தான் இருக்கும். சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு வேப்பம்பூ நான் இங்கிருந்து காயவைத்து அனுப்புகிறேன், தங்கச்சியிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை