சிறு பட்டறைகளுக்கு 45 நாளில் பணம் கிடைக்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
லேத் பட்டறை உரிமையாளர்,
அம்பத்தூர் தொழிற்பேட்டை,
சென்னை – 600 058.

பெறுநர்:
தொழில் ஆணையர் மற்றும் தொழில் வணிக இயக்குநர் அவர்கள்,
கிண்டி, சென்னை – 600 032.

பொருள்: குறு, சிறு தொழில்கள் – பெரிய நிறுவனங்களிடம் நிற்கும் பில் பாக்கி – சட்டக் கெடுவுக்குள் கிடைக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அம்பத்தூரில் 19 ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். இரண்டு சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்), மூன்று பழைய லேத், 11 தொழிலாளர்கள். பம்பு, வால்வு கம்பெனிகளுக்கு புஷ்ஷும் ஃபிளாஞ்சும் கடைந்து கொடுக்கிறோம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் குறு நிறுவனம்.

கடந்த ஜூலை 9 அன்று ஒரு பெரிய நிறுவனத்துக்கு 4,20,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினேன். ஜிஎஸ்டி 75,600 சேர்த்து பில் 4,95,600. இரும்பு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, மீதி வரியை ஆகஸ்ட் 20-க்குள் கையிலிருந்து கட்டிவிட்டேன். கட்டாவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒரு பைசா வராத பில்லுக்கு வரி கட்டியாயிற்று. பணம் வந்தது டிசம்பர் 3-ஆம் தேதி. 147 நாள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, "ஜிஆர்என் செப்டம்பர்லதான் போட்டோம், அதுலேர்ந்து எண்ணிக்கோங்க" என்றார் கணக்குப் பிரிவில் இருந்த தம்பி. ஜிஆர்என் என்பது சரக்கு வந்ததை அவர்கள் பதியும் சீட்டு. என் டெலிவரி சலானில் அவர்கள் கேட்டில் குத்திய ஊதா முத்திரை இருக்கிறது: 09.07.2025, மாலை 4.20. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியை வாங்கிய பட்டறைக்காரர் ஒருவரையும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது சந்தோஷப்பட்டோம். கெடு தாண்டிய பாக்கியை, வாங்கிய கம்பெனிகள் அதைக் கொடுக்கிற ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பதால், மார்ச் மாதத்தில் மட்டும் எங்களுக்குத் தனி மரியாதை. அவர்களே போன் செய்கிறார்கள். ஏப்ரலில் பழைய கதைதான். நாங்கள் குறு நிறுவனம் என்பது பில்லில் தெரியாதபடி, உத்யம் எண்ணைப் போட வேண்டாம் என்று கேட்டவர்களும் உண்டு.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. வேலையை விட்டு நிற்பவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை, உழைத்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்? சென்ற மாதம் எங்கள் ஆபரேட்டர் ஒருவர் ஊரோடு போய்விடுகிறேன் என்று நின்றபோது, வங்கி ஓடி (மிகைப்பற்று) கணக்கில் இடமில்லாமல் எதிர்ப்பட்டறை ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடம் கைமாற்று வாங்கித்தான் கணக்கை முடித்தேன். இஎஸ்ஐ 15-ஆம் தேதி, ஜிஎஸ்டி 20-ஆம் தேதி என்று எங்கள் மேல் விழும் கெடு எல்லாம் தப்பாமல் விழுகிறது. எங்களுக்காகப் போட்ட ஒரே கெடு மட்டும் காகிதத்திலேயே இருக்கிறது.

தாமதமான பாக்கி பற்றிய புகாரை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். முறையிட்டால் அடுத்த பர்சேஸ் ஆர்டர் வராது. இந்த மனுவிலும் அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்கு அதுவே காரணம்.

ஆகவே, பட்டறைக்காரர் பெயர் வெளியே வராமல் தங்கள் துறையே முன்வந்து கேட்க ஒரு வழி செய்யுமாறு வேண்டுகிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், தாமதத்துக்கான காரணத்தோடு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும், கம்பெனிப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். சென்னை, திருவள்ளூர் மாவட்டக் கம்பெனிகளின் அந்தக் கணக்கைக் கேட்டுப் பெற்று, பாக்கிக்காரர்களுக்குத் துறையின் பெயரிலேயே கடிதம் அனுப்பலாம். ஜிஆர்என் தேதியைக் காட்டி நாளை நீட்டுவது செல்லாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், அதன் நகலைக் கணக்குப் பிரிவு மேஜையில் வைத்துப் பேச எங்களுக்கும் தைரியம் வரும்.

250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் பில்லை வைத்து வங்கியிடம் முன்கூட்டியே பணம் பெற உதவும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தில் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. சேர்ந்தால் மட்டும் போதாது. எங்கள் பில்லை அவர்கள் அங்கே ஒப்புக்கொண்டால்தான் வங்கி பணம் தரும். அதையும் துறை கேட்க வேண்டும்.

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்த பிறகு, அம்பத்தூரிலேயே ஒரு முகாம் நடத்தி, முறையீட்டைத் தமிழில் எழுதிப் பதிவேற்ற உதவ ஓர் அலுவலரை அனுப்பினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். இடம் தேடும் சிரமம் வேண்டாம், என் பட்டறை முன்கூடத்தில் 30 நாற்காலி போடலாம்.

இணைப்பு: பில், முத்திரையிட்ட டெலிவரி சலான், வங்கிக் கணக்கு விவரம், உத்யம் சான்று – நகல்கள் (வாங்கியவர் பெயர் மறைக்கப்பட்டது).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: சென்னை
நாள்: 12.01.2026