காலிக் கட்டத்தில் பூச்சியம் போடாதீர்கள்: உமிழ்வுக் கணக்கைத் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேசியக் காற்று உமிழ்வுக் கணக்கைத் தொகுத்துச் சரிபார்க்கும் குழுவினர் அவர்களுக்கு, மதுரை வட்டாரத்தில் களத் தரவு திரட்டும் பணியாளர்கள் எழுதுவது.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

எந்தத் தொழிலிலிருந்து எவ்வளவு புகையும் வாயுவும் காற்றில் கலக்கிறது என்று வட்டாரவாரியாகக் காட்டும் உமிழ்வுக் கணக்கின் இவ்வாண்டுக்கான வரைவு அட்டவணை வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலைக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. பின்னணியெல்லாம் தங்களுக்குத் தெரிந்ததுதான், ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம். 'செங்கல் சூளை, எரிபொருள்: விறகு' என்ற வரிசையில் எங்கள் வட்டாரத்துக்கு நேரே 0.00 என்று இருக்கிறது. வெறும் பூச்சியம்கூட இல்லை, இரண்டு தசம இடம் வரை துல்லியமான பூச்சியம்.

மதுரையிலிருந்து திருப்புவனம் வழியாக மானாமதுரைக்குப் பஸ்ஸில் போகிற யாரும் இந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பார்கள். தை பிறந்ததிலிருந்து ஐப்பசி மழை பிடிக்கும் வரை எரிகிற சூளைகள் அட்டவணையில் மட்டும் அணைந்து கிடக்கின்றன.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். காலிக் கட்டத்தில் பூச்சியம் போடாதீர்கள். கணக்கிட முடியாததை 'மதிப்பிடப்படவில்லை' என்று எழுதுங்கள்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த வழி அல்ல. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளைத்தான் தாங்களும் மேற்கோள் காட்டுகிறீர்கள். 'மதிப்பிடப்படவில்லை', 'இங்கே நிகழவில்லை', 'வேறு இனத்தில் சேர்க்கப்பட்டது', 'பொருந்தாது', 'இரகசியம்' என்று ஐந்து குறியீடுகள் அதில் உள்ளன. சூளையே இல்லாத ஊருக்கு 'நிகழவில்லை'. சூளை இருந்தும் விறகின் எடை தெரியாத ஊருக்கு 'மதிப்பிடப்படவில்லை'. இரண்டுக்கும் ஒரே பூச்சியம் என்றால் படிக்கிறவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்? அரிசி அளக்க வந்தவர், படி இல்லை என்பதற்காக வீட்டில் அரிசியே இல்லை என்று எழுதிக்கொண்டு போனது போல இருக்கிறது.

அந்தப் பூச்சியம் எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தாங்கள் அனுப்பும் படிவம் விறகை டன்னில் கேட்கிறது. சூளைக்காரர் கணக்கு வைத்திருப்பது லோடில். டிராக்டர் டிப்பர் லோடு என்றால் 3 டன்னாகவும் இருக்கும், ஆறு சக்கர லாரி என்றால் 10 டன் வரைக்கும் போகும். களத்துக்குப் போனவர் மனம்போன போக்கில் டன்னாக்காமல், கேட்டதைக் கேட்டபடி '14 லோடு' என்று எழுதி அனுப்புகிறார். அது நேர்மை. அந்த நேர்மைக்கு எக்செலில் இடமில்லை. கட்டத்தில் எண்ணோடு எழுத்தும் சேர்ந்துவிட்டால் அது எண் அல்ல, உரை. கூட்டல் சூத்திரம் அதை ஒரு சத்தமும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். ஒரு டன் விறகு எரிந்தால் எவ்வளவு உமிழ்வு என்று சொல்லும் உமிழ்வுக் காரணியால் பெருக்கினால் பிழைச் செய்தி வரும். அந்தப் பிழைச் செய்தி கண்ணை உறுத்துகிறது என்று யாரோ ஒருவர் பத்தி (நெடுவரிசை) முழுவதும் 'இஃப்எரர்' சூத்திரம் போட்டு, பிழை வந்தால் பூச்சியம் காட்டு என்று ஆணையிட்டிருக்கிறார். அட்டவணை பளிச்சென்று ஆகிவிட்டது. சூளைகளும் மறைந்துவிட்டன.

உரையா எண்ணா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. வடிவமைப்பு எதுவும் செய்யாத கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், உரை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பத்தியை ஒருமுறை கண்ணால் ஓட்டினாலே தெரிந்துவிடும். வந்த கட்டங்கள் எத்தனை, அவற்றில் எண்ணாக இருப்பவை எத்தனை என்று இரண்டு சூத்திரம் போட்டு, வித்தியாசம் இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புவது அதைவிடச் சுலபம். 'இஃப்எரர்' வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது காட்ட வேண்டியது பூச்சியத்தை அல்ல, 'மதிப்பிடப்படவில்லை' என்ற சொல்லை.

லோடை டன்னாக்குவதும் முடியாத காரியம் அல்ல. படிவத்தில் ஒரே பத்திக்குப் பதிலாக எண்ணிக்கை, அலகு, வண்டியின் வகை, விறகு பச்சையா காய்ந்ததா என்று நான்கு பத்தி கொடுங்கள். ஒவ்வொரு வண்டி வகைக்கும் சில லோடுகளை எடை மேடையில் ஏற்றி, பாரத்தோடு ஒரு எடை, இறக்கிய பின் வெறும் வண்டிக்கு ஒரு எடை எடுத்து, சீட்டைப் படிவத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பச்சையா காய்ந்ததா என்ற கேள்வியை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். நெறிகளில் விறகுக்குக் கொடுத்திருக்கும் இயல்பு வெப்ப மதிப்பு, அதாவது எரிந்தால் கிடைக்கும் வெப்பம், கிலோவுக்கு 15.6 மெகாஜூல். வெட்டிய கையோடு சூளைக்கு வரும் சீமைக்கருவேல விறகில் எடையில் பாதி ஈரமாக இருந்தால் வெப்பமும் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடும். எடையை மட்டும் வாங்கி 15.6-ஆல் பெருக்குகிறவர் ஈரத்தையும் சேர்த்து எரிக்கிறார்.

எடைச் சீட்டே கிடைக்காத சூளைக்கும் ஒரு குறுக்குச் சரிபார்ப்பு உண்டு. செங்கல்லை எண்ணுங்கள். சுட்ட செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ என்றால், 1 லட்சம் கல் 300 டன். நாட்டுச் சூளையில் ஒரு கிலோ கல்லைச் சுட 2 முதல் 3 மெகாஜூல் வரை பிடிக்கிறது என்று வைத்தால், மொத்தம் 600 முதல் 900 கிகாஜூல். அதை 15.6-ஆல் வகுத்தால் காய்ந்த விறகு 38 முதல் 58 டன் வரை வர வேண்டும். ஒரு சூளை 1 லட்சம் கல்லுக்கு 5 டன் விறகு என்று காட்டினால் எங்கோ ஒரு சைபர் விழுந்துவிட்டது. 500 டன் என்று காட்டினால் யாரோ ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார், அல்லது பல சூளைகளின் விறகை ஒரே சூளையின் தலையில் கட்டியிருக்கிறார். இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

நாட்டுச் சூளைக்குப் புகைபோக்கி கிடையாது என்பதும் தங்களுக்குத் தெரியும். கல்லையும் விறகையும் அடுக்கி, மேலே மண் பூசி, பக்கவாட்டில் தீ மூட்டுகிறார்கள். புகை எல்லா இடுக்கிலும் கசிகிறது. குழாயில் துளை போட்டு மாதிரி எடுக்க வழியில்லை. 2022 பிப்ரவரியில் வந்த சூளை விதிகள் சொல்லும், கன மீட்டர் புகைக்கு 250 மில்லிகிராம் துகள் என்ற வரம்பைக் கொண்டு இங்கே எதை அளப்பது? ஆகவே இவ்வகைச் சூளைக்கு விறகுக் கணக்குதான் ஒரே பிடி. அந்தப் பிடியைத்தான் தாங்கள் பூச்சியமாக்கியிருக்கிறீர்கள்.

விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை நாட்டின் மொத்தத்தில் சேர்ப்பதில்லை, குறிப்பாக மட்டுமே காட்டுகிறோம், அதனால்தான் பூச்சியம் என்று விளக்கம் வரக்கூடும். அது கார்பன் டை ஆக்சைடுக்குச் சரி. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மொத்தத்தில் சேர்ந்தாக வேண்டும். நுண்துகளுக்கும் கரும்புகைக் கரிக்கும் அந்தச் சலுகை எந்த நெறியிலும் இல்லை. சூளைக்குப் பக்கத்துத் தெருவில் துணி காயப்போடுகிறவருக்கு விறகின் கார்பன் எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்பதைப் பற்றிக் கவலையும் இல்லை.

எங்களை அதிகம் வருத்துவது இனிச் சொல்லப்போவதுதான். எந்த இனத்தைக் கூடுதல் கவனத்தோடு சரிபார்ப்பது என்று முடிவு செய்ய, உமிழ்வுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மொத்தத்தில் 95 சதவீதத்தைத் தொடும் வரை உள்ளவற்றை 'முதன்மை இனங்கள்' என்று எடுக்கிறீர்கள். நல்ல முறைதான். ஆனால் பூச்சியம் போட்ட இனம் அந்தப் பட்டியலில் ஒருநாளும் ஏறாது. ஏறாததால் அதற்குச் சரிபார்ப்பு கிடையாது, தனிக் காரணி கண்டுபிடிக்கப் பணமும் கிடையாது. அடுத்த ஆண்டும் பூச்சியம். போன ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையும் இதைப் பிடிக்காது. பூச்சியத்துக்கும் பூச்சியத்துக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் பச்சை நிறத்தில் தேறிவிடும்.

பூச்சியத்தைத் திருத்தும்போதும் ஒரு பொறி இருக்கிறது. இந்த ஆண்டுக் கட்டத்தை மட்டும் நிரப்பினால், வரைபடத்தில் மதுரையின் புகை ஒரே ஆண்டில் எகிறியதாகத் தெரியும். உண்மையைச் சொன்ன மாவட்டம் குற்றவாளி ஆகும், அடுத்த மாவட்டம் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். ஆகவே பழைய ஆண்டுகளையும் அதே முறையில் மறுகணக்கிட்டு, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். நெறிகளும் அதைத்தான் கேட்கின்றன.

டீசல் ஜெனரேட்டர் பக்கம் போனால் கதை தலைகீழ். படிவம் கிலோலிட்டர் கேட்க, ஆலைக்காரர் லிட்டரில் எழுத, ஆயிரம் மடங்கு ஊதிய எண் தலைநகர் வரை தடையில்லாமல் போகிறது. 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற ஒரே எண்ணை மேசைமேல் ஒட்டி வைத்தால் போதும். 500 கேவிஏ செட் முழுச் சுமையில் மணிக்கு 100 லிட்டர் அளவில் குடிக்கும். ஓடிய மணிகளால் பெருக்கிப் பார்த்தால் பொய் நிற்காது.

சாலைப் புழுதிக் கணக்கையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் உமிழ்வுக் காரணித் தொகுப்பான ஏபி-42-இல் உள்ள சூத்திரத்தை எடுத்தாள்கிறீர்கள். அதில் வரும் வண்டி எடை அவர்கள் ஊர்ச் சிறு டன், அதாவது 907 கிலோ. நம் மெட்ரிக் டன்னை மாற்றாமல் அப்படியே போட்டால் புழுதி 10 சதவீத அளவுக்குக் குறைந்துவிடும். அதைவிடப் பெரிய வேடிக்கை, சாலையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் மென்தூசி என்ற எண்ணை வேறு ஊரிலிருந்து கடன் வாங்குவது. மேலூர் பக்கம் கிரானைட் லாரி ஓடும் சாலையும் கடலோர ஊரின் மழையில் கழுவிய சாலையும் ஒன்றா? கூட்டி எடுத்து, 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, எடை போட ஒரு நாள் வேலை. தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரங்களில் மதுரையும் ஒன்று. தண்ணீர் தெளிக்க லாரி வாங்கப் பணம் இருக்கிறது, சல்லடை வாங்கத்தான் இல்லை போலும்.

காற்றின் தரத்தை அளந்து உமிழ்வுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று சொல்வதும் உண்டு. அந்த அளவீட்டிலும் இதே நோய். மாதிரி எடுக்கும் கருவி நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கிறது என்றால் 24 மணியில் 1584 கன மீட்டர். நடுவில் கரண்ட் போய் 17 மணிதான் ஓடியிருந்தால் 1122. வடிதாளில் 120 மில்லிகிராம் தூசி சேர்ந்திருந்தால் உண்மை அளவு கன மீட்டருக்கு 107 மைக்ரோகிராம். ஓடிய நேர மீட்டரைப் பார்க்காமல் 24 மணி என்று போட்டால் 76. பிஎம்10-க்கு, அதாவது 10 மைக்ரான் வரையிலான நுண்துகளுக்கு, 24 மணி நேர வரம்பு 100. மின்வெட்டே காற்றைச் சுத்தப்படுத்திவிடுகிறது! இப்படிச் சுத்தமான காற்றோடு ஒப்பிட்டால் சூளைப் பூச்சியம் சரியென்றுதான் தோன்றும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ள வேண்டும். தொகுக்கிறவர்களே செய்துகொள்வது தரக் கட்டுப்பாடு. தொகுப்பில் கைவைக்காத வெளியார் பார்ப்பது தர உறுதி. இரண்டும் வேறு வேறு என்று நெறிகளே சொல்கின்றன. ஒரே மேசையில் ஒரே ஆள் இரண்டு கையெழுத்தும் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கருத்துக் கேட்கும்போது இறுதி எண்ணை மட்டும் அனுப்பாமல், நாங்கள் கொடுத்த எண், தாங்கள் மாற்றிய எண், போட்ட காரணி, மாற்றியவர் பதவி, தேதி எல்லாம் தெரியும் கணக்குத் தாளை அனுப்புங்கள். பார்த்துச் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள்.

இவற்றில் எதுவும் இந்த ஆண்டு முடியாது என்றால், முதலில் சொன்ன ஒன்றையாவது செய்யுங்கள். காலிக் கட்டத்தில் பூச்சியம் போடாதீர்கள். அட்டவணை இறுதியாகும் முன் செங்கல் சூளை வரிசையில் உள்ள 0.00-ஐ எடுத்துவிட்டு 'மதிப்பிடப்படவில்லை' என்று திருத்தும்படியும், லோடில் எழுதி வந்த மூலப் படிவங்களை அலகு மாற்றத்துக்காக எங்களிடம் திருப்பி அனுப்பும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எடை மேடைச் சீட்டுகளோடு நிரப்பித் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மதுரை வட்டாரக் களத் தரவுப் பணியாளர்கள்