எழுத்து எழுதிக்காட்டிய அம்மாவுக்கு

ஜெர்மனியில் படிப்பு முடித்து, நான் வளர்ந்த டோக்கியோவின் நிஷி கசாய்க்கே திரும்பினேன். ஜப்பானில் வீடு புகுந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். படிவம் கையில், பேனா கையில், கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகள் மட்டும் நினைவில் காணோம். படித்தால் புரிகிறது, எழுத வரவில்லை. கைப்பேசியிலேயே தட்டிப் பழகியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். அதிலும் கசாயின் முதல் எழுத்து இருக்கிறதே, அப்பப்பா!

பக்கத்து இருக்கையில் இருந்தீர்கள் அம்மா. எதுவும் கேட்கவில்லை. உங்கள் டோக்கன் சீட்டைத் திருப்பி, அந்த எழுத்தைப் பெரிதாக, கோடு கோடாக எழுதிக் காட்டினீர்கள். 2025 என்றால் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ரெய்வா 7 என்று ஓரத்தில் குறித்தீர்கள். அதற்குள் உங்கள் எண்ணை அழைத்துவிட்டார்கள். போகச் சொன்னேன். கையசைத்துவிட்டுப் புது டோக்கன் எடுத்துவந்து உட்கார்ந்தீர்கள்!

அப்புறம் தேசிய மருத்துவக் காப்பீட்டுக் கவுன்டர் வரை கூடவே வந்தீர்கள். போன வருடம் வருமானம் இல்லையென்றால் அதைச் சொல்லிப் பதியச் சொன்னதும் நீங்கள்தான். எனக்கு அது தோன்றியே இருக்காது.

பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன். காலையில் கியோசென் பூங்காவில் நடப்பதாகச் சொன்னீர்கள். அங்கே நடக்கப்போகும் நம்மவர்கள் யாராவது, ஊதாத் தொப்பி போட்ட, எழுபது வயதிருக்கும் அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள்: அந்தத் தமிழ்ப் பெண்ணுக்குக் காப்பீட்டுச் சந்தா குறைந்துவிட்டது, ரொம்ப நன்றி என்று.