கணக்கு நோட்டை மூடி வைக்க உதவியவர்களுக்கு

அன்பானவர்களே,

உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒருவருக்கு எழுதத் தொடங்கினால் நடுவில் இன்னொருவர் வந்து நின்றுவிடுகிறார். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். பெயர் யாருக்கும் போடவில்லை. போட்டால் உங்களில் இரண்டு பேராவது ஒரு மாதத்துக்கு என்னோடு பேச மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர்தான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

நீளமான கோடு போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஐந்து பத்தி: காலை ஜெபம், வேதவாசிப்பு, இரவு ஜெபம், உபவாசம், கடைசியாக தலைப்பே இல்லாத ஒரு பத்தி. செய்ததற்கு நீல மையில் டிக், தவறியதற்குச் சிவப்பு வட்டம். தலைப்பில்லாத பத்தியில் 'கோ' என்றால் கோபம், 'பொ' என்றால் பொய். மற்ற எழுத்துகளை விட்டுவிடுவோம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் 52 வாரத்தில் 1,196 வரும். அதாவது ஏழு அதிகாரம் உபரி. அந்த உபரியைப் பார்த்து நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்படிப் பதினோரு வருடம்.

நோட்டு வைத்திருப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. வைத்து நல்லபடியாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். என் சிக்கல் வேறு. சிவப்பு வட்டம் விழுந்த நாளில் எனக்கு ஜெபம் வராது. மூன்று நாளாவது தொடர்ந்து நீலம் விழுந்தால்தான் தேவனுடைய முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு விதி. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, நானே போட்டுக்கொண்டது. நீலம் விழுந்த நாளில் இன்னும் மோசம். அன்றைக்கு மற்றவர்களுடைய நோட்டையும் நான் மனதிலேயே எழுதிக்கொண்டிருப்பேன்.

பெரியம்மா, முதல் நன்றி உங்களுக்கு. வீட்டு ஜெபக் கூட்டத்தில் அன்றைக்கு என் முறை. "இந்த வாரம் வேற யாராவது ஜெபிக்கட்டும், எனக்குத் தகுதி இல்லை" என்றேன். எவ்வளவு தாழ்மை என்று யாராவது நினைப்பார்கள் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேதாகமத்தின் மேல் வைத்துவிட்டு, "போன வாரம் தகுதி இருந்துச்சா தம்பி?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைய பக்கத்தில் 'கோ' என்று எழுதினேன்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. போன வாரம் நான் ஜெபித்தது எந்தத் தைரியத்தில்? ஆறு நீல டிக்கின் தைரியத்தில்தான். அப்படியானால் 'இயேசுவின் நாமத்தில்' என்று முடித்தேனே, அது என்ன, வெறும் பழக்கமா?

அந்தக் கேள்வியோடுதான் போதகர் ஐயா, உங்களிடம் வந்தேன். நீங்கள் ஒரு பிரசங்கம் வைத்திருப்பீர்கள் என்று பயந்துகொண்டே வந்தேன். நீங்கள் நோட்டை வாங்கி, நாலைந்து பக்கம் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, பதினான்காம் வசனத்தில் 'கையெழுத்தைக் குலைத்து' என்ற இடத்தில் விரலை வைத்தீர்கள். நான் அதுவரை அதை நாம் போடுகிற கையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டைக் குறிக்கும், அதைத்தான் தேவன் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்று பவுல் சொல்கிறார் என்று விளக்கினீர்கள். பிறகு நோட்டை என் கையில் கொடுத்து, "அவர் ஆணியடிச்சதுக்கு நீங்க தினமும் புதுசா நகல் எடுக்கிறீங்க" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அது உள்ளே போனது.

கலாத்தியா சபைகளுக்குப் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை ஒரே மூச்சில் வாசிக்கச் சொன்னதற்கும் நன்றி. ஆறே அதிகாரம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆறு அதிகாரத்துக்கும் டிக் போட்டவன்தான் நான். ஆனால் ஒரு கடிதமாக, ஒருவர் கோபத்தோடும் தவிப்போடும் எழுதிய கடிதமாக, அன்றைக்குத்தான் வாசித்தேன். அந்த ஜனங்கள் கிறிஸ்துவை விட்டு ஓடிவிடவில்லை. கிறிஸ்து மட்டும் போதாது, யூதச் சடங்கான விருத்தசேதனமும் வேண்டும் என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்குத்தான் பவுல் 'புத்தியில்லாத கலாத்தியரே' என்று கத்துகிறார். அந்தியோகியாவில் பேதுருவையே முகத்துக்கு முன்னால் எதிர்த்ததையும் அங்கே எழுதி வைத்திருக்கிறார். யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் இருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பேதுருவுக்கே அந்தப் பயம் திரும்பி வந்ததென்றால் எனக்கு வருவதில் என்ன ஆச்சரியம்! அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

'கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்' என்ற வசனம் சின்ன வயதிலேயே மனப்பாடம். சுயாதீனம் என்ற சொல்லைத் தப்பில்லாமல் உச்சரித்ததற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அர்த்தம் கேட்டிருந்தால் பரிசு கிடைத்திருக்காது.

புத்தகங்களுக்குள்ளேயே குடியிருக்கும் நண்பரே, அடுத்தது நீங்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றி உங்கள் பாணியில் ஒரு மாலை முழுக்கப் பேசினீர்கள். ஆக்ஸ்போர்டில் புதன், வெள்ளி உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, குருப்பட்டம், 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியப் பயணம். என் நோட்டெல்லாம் அவருக்கு முன்னால் எந்த மூலைக்கு! ஆனால் கடலில் புயல் அடித்தபோது அவர் நடுங்கினார். கூட வந்த, மொராவியர் என்ற சபைப் பிரிவின் விசுவாசிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். 1738 மே 24 மாலை லண்டனில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு விருப்பமே இல்லாமல் போகிறார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதை உணர்கிறார்.

இதுவரை பலரும் சொல்வார்கள். நீங்கள் அடுத்ததையும் சொன்னீர்கள். ஏழரை மாதம் கூட ஆகவில்லை, 1739 ஜனவரி 4 அன்று அதே வெஸ்லி, தான் இன்னும் கிறிஸ்தவனே அல்ல என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது தேதிக்காகத்தான் உங்களுக்கு நன்றி. ஏனென்றால் நான் நோட்டை மூடி மூன்றாவது வாரமே மறுபடி திறந்துவிட்டேன். 'எனக்கு விடுதலையே கிடைக்கவில்லை போல' என்று அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் போடப் போனவனை அந்தத் தேதி தடுத்தது.

இனி எழுதுவதற்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. தம்பி, இது உனக்கு.

வாலிபர் கூட்டத்தில் மனப்பாட வசனம் சொல்லத் தெரியாமல் நீ நின்றாய். உனக்குப் பதினான்கு வயது இருக்கும். நான் உன்னை உட்காரச் சொல்லவில்லை. கூட்டம் முடிகிறவரை நிற்க வைத்தேன். 'வேதத்துக்கு நேரம் இல்லாதவனுக்குத் தேவனிடத்தில் என்ன வேலை' என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ சட்டைக் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாய். பொத்தான் அறுந்து கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட நீ குனியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நீ வரவில்லை. உன் பெயருக்கு நேரே 'பின்மாற்றம்', அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவன், என்று நான் எழுதினேன்.

பல வருடம் கழித்து உன்னைத் தேடி வந்தபோது ஒரு பெரிய மன்னிப்பு உரையைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நீ பாதியில் நிறுத்தினாய். "மன்னிச்சு ரொம்ப நாளாச்சு அண்ணா. ஆனா ஒரு வருஷம் வலிச்சுது. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்." அவ்வளவுதான் சொன்னாய். பரவாயில்லை என்றோ, சின்ன விஷயம் என்றோ நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன், எதையும் கற்றிருக்க மாட்டேன். நடந்த தப்பை முழுசாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அதை விட்டுவிடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முகத்துக்கு நேராகப் பார்த்தேன். சிலுவையைப் பற்றி நான் கேட்ட செய்திகள் எத்தனையோ. உன் அந்த ஒரு வரி இல்லாமல் அவை எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். உனக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "பழையபடி ஆரம்பிச்சுட்டீங்களே" என்று சிரித்தாய் பார், அதற்கும் நன்றி.

நம்பிக்கையில்லாத என் நண்பனே, உனக்கும் இதில் பங்கு உண்டு, முகத்தைச் சுளிக்காதே. "எல்லாம் இலவச மன்னிப்பு என்றால் இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமே" என்று மடக்கினாய். நான் பதில் தேடிப் போனால், பவுல் ரோமர் ஆறாம் அதிகாரத்தை அதே கேள்வியோடுதான் ஆரம்பித்திருக்கிறார். கிருபை என்று நான் சொல்வது யாருக்கும் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை என்றால் நான் வேறு எதையோதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன். பதில் உனக்கு இன்னும் திருப்தியாக இல்லை, தெரியும். பேசுவோம்.

கத்தோலிக்கத் தோழி, கிருபை என்பது எங்கள் சபைக்குச் சொந்தமான சொத்து என்ற நினைப்பில் நான் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாக்குவாதம் செய்யாமல், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையை எடுத்துக் காட்டினீர்கள். நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். 1517இல் லூத்தர் தன் 95 கருத்துகளை முன்வைத்த அதே தேதி. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை என்பதையும் நீங்களே சொன்னீர்கள். என் வாய் அடைந்தது நல்லதுதான்.

வீட்டில் இருப்பவளுக்கு என்ன எழுத! நோட்டைக் காட்டு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் ஜெப நேரத்தையும் சேர்த்து நான் எண்ணிக்கொண்டிருந்தது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. லூக்கா பதினைந்தில் இயேசு சொன்ன இரண்டு மகன்களின் கதையை வாசித்த ஒரு ராத்திரி, "இளையவன் வீட்டை விட்டுப் போனான், திரும்பி வந்தான். மூத்தவன் போகவே இல்லை, ஆனா வீட்டுல இருந்த மாதிரியும் இல்லை" என்றாய். 'இத்தனை வருஷகாலமாய்' என்று அவன் அப்பாவிடம் கணக்கு ஒப்பிக்கிற இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாய். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டாய்.

இன்றைக்கும் காலையில் ஜெபிக்கிறேன். சில நாள் தூங்கிப் போகிறேன். எழுந்ததும் பழைய பயம் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும். அது வரும்போதே 'அப்பா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் காத்திருப்பதில்லை.

பெரியம்மா, கடைசியாக மறுபடி உங்களிடம் வருகிறேன். இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். போன முறை வந்தபோது கர்த்தர் கற்பித்த ஜெபம் உங்களுக்குப் பாதியில் நின்றுபோனது. எவ்வளவோ சங்கீதங்களைப் பார்க்காமல் சொன்ன வாய். நான் பதறினேன், நீங்கள் பதறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீதியை நீ சொல்லு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். சொன்னேன். முடித்ததும் ஆமென் என்றீர்கள். அப்புறம், "நீ யாரு தம்பி?" என்று கேட்டீர்கள்.

சனிக்கிழமை வருகிறேன். மறுபடியும் கேளுங்கள், சொல்கிறேன்.

அன்புடன்,
நோட்டுக்காரன்