என்சைம் கேப்ஸ்யூலும் எங்க அத்தையோட மாத்திரையும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, என்சைம் (உடம்புக்குள்ள நடக்குற ரசாயன வேலைகள வேகப்படுத்துற புரதம்) கொறஞ்சா கேன்சர் வரும், தெனம் ஒரு என்சைம் கேப்ஸ்யூல் போடுங்கன்னு அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. அது எங்க வீட்டுல பண்ணுன வேலைய சொல்லத்தான் இந்த லெட்டர்.

எங்க அத்தை பாம்பன்ல பாசி எடுக்குறவுக. விரல்ல துணிய சுத்திக்கிட்டு மரிக்கொழுந்துப் பாசி பறிச்சே காச்சுப்போன கை. நாலு வருஷமா சி.எம்.எல்.னு ரத்தப் புத்துநோய், தெனம் 400 மில்லிகிராம் இமாட்டினிப்னு ஒரு மாத்திர, சாப்பாட்டோட ஒரு சொம்பு தண்ணி குடிச்சு முழுங்கணும். காலைல கண்ணு வீங்கியிருக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், ஆனா ரிப்போர்ட்டெல்லாம் நல்லா வருது. உங்க பேப்பர யாரோ படிச்சுக் காட்ட, "இந்த மாத்திர என்சைம அடக்குதாம்ல, அதான் காலு இழுக்குது"ன்னுட்டு நாலு நாளா போடாம தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாக.

அடக்குறது நெசந்தான் சார், அதுக்குத்தான அந்த மாத்திரையே! என்சைம்னா சோறு செரிக்கிறது மட்டும் இல்ல. செல்லுக்குள்ள கைனேஸ்னு ஒரு கூட்டம் இருக்கு, பாஸ்பேட்ட எடுத்து இன்னொரு புரதத்து மேல ஒட்டி வேலைய கெளப்பி விடும், பாஸ்படேஸ்னு வேற ஒண்ணு வந்து அத பிச்சு எடுத்தா வேல நிக்கும். சி.எம்.எல்.ல என்னாகுதுன்னா 9-வது குரோமோசோமும் 22-வதும் துண்டு மாத்திக்கிட்டு, ரெண்டு ஜீன் ஒட்டி பிசிஆர்-ஏபிஎல்னு ஒரு கைனேஸ் பொறக்குது, அதுக்கு நிறுத்தமே தெரியாது, ஆக்சிலேட்டர் சிக்கிக்கிட்ட வள்ளம் மாதிரி செல்ல பெருக்கிக்கிட்டே போகும். கைனேஸுக்கு பாஸ்பேட் குடுக்குறது ஏடிபின்னு ஒரு மூலக்கூறு, அது உக்கார்ற குழியில போய் அடைச்சுக்கிறதுதான் இமாட்டினிப்.

டிஎன்ஏ ரிப்பேர் பண்ற என்சைம் கெட்டுப்போனா கேன்சர் வர வாய்ப்பு கூடும், அத மறுக்கல. ஆனா அத வாய் வழியா நெரப்ப முடியாதே, என்சைமும் புரதம்தான, வயித்துக்குள்ள போனா மீன் மாதிரி அதுவும் செரிச்சுப் போயிரும், செல்லுக்குள்ள எங்க போய் சேரும்?

இந்த கைனேஸ் கதையில நம்ம கடலுக்கும் பங்கு இருக்கு. பாசி எடுக்கப் போறப்ப கால்ல குத்துற உருண்டை முள்ளுப் பிராணி இருக்குல்ல, கடல் முள்ளெலின்னு புஸ்தகத்துல போடுவாங்க, அதோட முட்டைய வச்சுத்தான் டிம் ஹன்ட்னு ஒரு விஞ்ஞானி 1982-ல சைக்ளின் புரதத்த கண்டுபிடிச்சாரு. செல் பிரியுற நேரத்த முடிவு பண்ற கைனேஸ், சைக்ளின் வந்து சேந்தாத்தான் முழிக்கும். அதுக்கு அவருக்கு 2001-ல நோபல் குடுத்தாங்க, அதே வருஷந்தான் இமாட்டினிப்புக்கு அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. அத்தைகிட்ட சொன்னேன், "அந்த நாசமாப் போனதா"ன்னு சிரிச்சாக, மாத்திரையும் போட்டாக.

மறுப்பு போடுறதா இருந்தா அதே ஞாயித்துக்கிழமை இணைப்புல, அதே அளவுக்குப் போடுங்க சார். மூலையில பொடி எழுத்துல போட்டா எங்க தெருவுல ஒருத்தரும் படிச்சுச் சொல்ல மாட்டாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன்