டிசம்பரில் வராதே மக்கா

அன்புள்ள மக்கா,

நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டுவலி விட்டபாடில்லை. நம் கூட்டாளி தவளை வீடு கட்டிவிட்டான். பால்காய்ப்புக்கு நீ வரவில்லை என்று இன்னும் முறுக்கிக்கொண்டு திரிகிறான், நீயே சமாளித்துக்கொள்.

சரி, கிறிஸ்துமஸ் வாரத்துக்கு "50 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு படம் அனுப்பினாயே, அது எங்கள் கன்னியாகுமரி ரிசார்ட்தான்! 12,000 என்று போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருக்கிறதே, அந்த விலைக்கு எந்தக் காலத்திலும் ஒருத்தரும் தங்கியதில்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற நான் சொல்கிறேன், நம்பு. கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு வரை சபரிமலை சாமிமார் கூட்டம், நடுவில் அரையாண்டு லீவு, புத்தாண்டு. ரூம் தானாகவே போகும்போது எந்த முதலாளி விலையை இறக்குவான்?

நிஜத் தள்ளுபடி சாயங்காலம்தான் பிறக்கும். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திறந்து காலி ரூம்களை எண்ணுவார். இன்றைக்குப் போகாத ரூமை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாதே. சலவை, ஏசி கரண்ட், காலை இட்லி, இவ்வளவுக்கும் மேலே எது வந்தாலும் லாபம் என்று இறங்குவார். அதற்கும் கீழே கேட்டால் ரூமைப் பூட்டியே போடுவார். ஞாயிறு ராத்திரி இந்த இறக்கம் நன்றாகத் தெரியும். சனிக்கிழமை மருந்துக்கும் இருக்காது. ஆனால் மாமியாரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருக்கும் சூதாட்டம் உனக்கு ஆகாது.

வரி இன்னொரு கூத்து. ஒரு நாள் வாடகை 7,500-க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. 8,000 ரூபாய் ரூம் வரியோடு 9,440 ஆகும். 500 குறைத்தால் 7,875-தான். முதலாளி விட்டது 500, உனக்கு மிச்சம் 1,565. அதனால் 8,000 பக்கம் சொல்கிற இடத்தில் கூச்சப்படாமல் பேரம் பேசு.

பெரிய தள்ளுபடி ஜூன், ஜூலையில்தான். ஆனால் கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடமாட்டார்கள். சூரியனும் அப்போது வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் மறைந்துவிடும், கடலில் விழாது. எதைப் பார்க்க வருகிறாயோ அது இல்லாதபோதுதான் ரூம் மலிவு.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு வேறொன்றும் உறுத்துகிறது. ரூம் துடைக்கிற அக்காமாரில் பாதிப்பேரை "கூட்டம் வந்தா கூப்பிடுறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தினக்கூலி, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. மீதிப்பேர் இரட்டை வேலை பார்ப்பார்கள். நீ கொண்டாடுகிற பாதி விலையில் அவர்கள் கூலியும் கழிந்திருக்கிறது மக்கா. முதலாளியிடம் ஒருமுறை சொன்னேன், காது கேட்காதவர்போல் போனைப் பார்த்தார்.

ஆகவே பிப்ரவரியில் வா. கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும், சூரியன் கடலிலேயே இறங்கும், ஊரில் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குவதால் கூட்டமும் குறைவு. உன் மகள் எல்கேஜிதானே, அவளுக்கென்ன பரீட்சை! புக்கிங் ஆப்பில் ரூம் போடாதே, கமிஷன் அவர்களுக்குப் போகும். நேராக டெஸ்க்குக்கு போன் பண்ணி அந்தக் கமிஷனைக் கழிக்கச் சொல். திங்கள்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை பூட்டியிருக்கும். செவ்வாய் வந்து வெள்ளி காலை கிளம்பினால் சரியாக இருக்கும். தேதியைச் சீக்கிரம் சொல், கடல் பார்த்த ரூம் ஒன்றைப் பிடித்து வைக்கிறேன். அப்புறம், தவளைக்கு முதலில் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்ச்